சங்கிலி குமாரன் ஏறிய அரியணை

மண்டைதீவின் வடகரையில் அந்தி வேளையில் நின்று பார்ப்போர்க்குப் பண்ணைக் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணக் கோட்டையின் மதில் கருமையாய்த் தோன்றும். அக்கோட்டையைப் பறங்கியர் தொடங்கினர்; ஒல்லாந்தர் ஐங்கோண வடிவிற் புதுக்கிக் கட்டினர்; ஆங்கிலேயர் கைக்கொண்டனர். இம்மூவர்க்கும் முன்னர் நல்லூரிலிருந்து அரசு செய்த நம்மவர் எவ்வாறு வீழ்ந்தனர் என்பதை அம்மதில் சொல்லாது. அதனை ஏடுகளிலேதான் தேட வேண்டும்.

சிறு பிராயத்தில் யாம் சங்கிலி மன்னனை இரண்டு விதமாக அறிந்தோம். யாம் படித்த மிஷன் பாடசாலையில் அவன் மன்னாரிலே கிறித்தவர்களை வெட்டுவித்த கொடியவன். வீடு வந்தால், திண்ணையிற் சாய்ந்திருந்து அப்பு சொல்லும் கதையில் அவனே பறங்கியரை எதிர்த்து மாண்ட மாவீரன். பகலிற் கொடியவன், இரவில் வீரன்! இவ்விரண்டில் எது மெய் என்று கேட்க அந்நாளில் எமக்குத் துணிவு வந்ததில்லை. பல்கலைக்கழகம் புகுந்து நூல்களைப் புரட்டிய பின்னரே, ஐயம் வேறிடத்தில் இருந்தது என்பதை உணர்ந்தோம். சங்கிலி ஒருவனல்லன், இருவர். மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இருவர் கதையையும் ஒருவன் கதையாகக் கலந்துவிட்டது. சுவாமி ஞானப்பிரகாசர், முதலியார் இராசநாயகம் முதலியோர் பறங்கியரின் குறிப்புகளையும் ஒப்புநோக்கி அந்த முடிச்சை அவிழ்த்தனர்.

முதலாம் சங்கிலி 1519 இல் அரசெய்தியவன். மன்னாரில் மதம் மாறியோர் அறுநூற்றுவர் வரையில் 1544 இல் அவன் ஆணையாற் கொல்லப்பட்டனர். சமய வெறியே அதற்குக் காரணமென்று எம் ஆசிரியர் கூறினார். மதம் மாறினோர் பறங்கியரசனின் குடிகளாகி, மன்னாரும் அதன் முத்துக்குளிப்பும் தன் கையைவிட்டுப் போய்விடும் என்ற அச்சமே பெரிதென்று யாம் கருதுகிறோம். காரணம் எதுவாயினும், படைக்கலம் ஏந்தாத குடிகளை வெட்டியது வீரமாகாது. அவன் தன் தமையன்மாருள் ஒருவனை நஞ்சூட்டியும் மற்றொருவனை வாளால் வெட்டியும் அரியணை ஏறினான் என்று வைபவமாலை கூறும். அவனைப் பற்றி இம்மட்டில் நிறுத்துகிறோம். இக்கட்டுரைக்குரியவன் இரண்டாம் சங்கிலி, சங்கிலி குமாரன் எனப்படுவோன். 1974 இல் நல்லூர் முத்திரைச் சந்தியில் சிலை பெற்றவன்.

அவன் ஏறிய அரியணை எத்தகையது என்பதை முதலிற் காண்போம். 1591 இல் அந்திரே பூர்த்தாடு என்னும் பறங்கித் தளபதி யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து, அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனை அரசனாக்கினான். அன்று தொட்டு நல்லூரிலே முடி இருந்தது. அம்முடியைச் சூட்டும் கை கொழும்பிலும் கோவாவிலும் இருந்தது. அரசன் திறை கட்ட வேண்டும், பாதிரிமாரைத் தடுக்கலாகாது, கண்டியரசனுக்கு உதவலாகாது. எதிர்மன்னசிங்கன் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் இக்கயிற்றின்மேல் நடந்தான். ஒருபுறம் பறங்கியர்க்கு வணக்கம், மறுபுறம் கண்டிக்கு மறைவான உதவி. அவனைக் கோழை என்பாரும் உளர், சாணக்கியன் என்பாரும் உளர். அவன் காலத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நின்றது, வயல் விளைந்தது, குடிகள் இருந்தார்கள் என்பதை மாத்திரம் நாம் மறத்தலாகாது.

1617 இல் எதிர்மன்னசிங்கன் இறந்தான். அவன் மைந்தன் சிறு பாலகன். பாலகன் வளருமளவும் அவன் பேரால் அரசை நடத்தும் பொறுப்பு அரசகேசரியிடம் வந்தது. இரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரி இவரே என்பது வழக்கு. இந்நிலையில் காலஞ்சென்ற மன்னனின் மருமகன் முறையினனாகிய சங்கிலி குமாரன் அரண்மனையுட் புகுந்து அரசகேசரியைக் கொன்றான். அரசுரிமை கோரத்தக்க ஏனைய இளவரசரும் மாண்டனர். பாலகனை மாத்திரம் உயிரோடு விட்டான். இது இரக்கத்தால் என்று எமக்குத் தோன்றவில்லை. பாலகன் உயிரோடிருந்தாலன்றோ அவன் பேரால் ஆளலாம்?

இதை வாசித்தபோது மிஷன் பாடசாலையிற் படித்த ஒரு கதை எம் நினைவுக்கு வந்தது. இந்து இளைஞர் மலரில் விவிலியக் கதையா என்று பெரியோர் முகஞ் சுளிக்கலாகாது. நல்ல பொருள் எவ்விடத்தில் இருப்பினும் எடுத்துக்கொள்ளலாம். நியாயாதிபதிகள் ஆகமத்தில் அபிமெலேக்கு என்றொருவன் வருகிறான். அவன் கோயிற் பணத்தில் எழுபது வெள்ளிக்காசு வாங்கி, அதைக்கொண்டு வீணரைக் கூலிக்குப் பிடித்து, தன் சகோதரர் எழுபதின்மரை ஒரே கல்லின்மேற் கொன்று அரசனாகிறான். தப்பியவன் இளையவனாகிய யோதாம் ஒருவனே. அவன் மலையுச்சியில் நின்று ஊராருக்கு ஒரு கதை சொல்கிறான். மரங்களெல்லாம் கூடித் தமக்கோர் அரசனைத் தேடின. ஒலிவமரத்தைக் கேட்டன, எண்ணெய் தரும் தொழிலை விட்டு வரமாட்டேன் என்றது. அத்திமரம் தன் கனியை விட்டு வர மறுத்தது. திராட்சைக்கொடியும் அப்படியே. கடைசியில் முட்செடியைக் கேட்டன. அது உடனே இசைந்தது. என் நிழலில் வந்து தங்குங்கள் என்றும் அழைத்தது. முட்செடிக்கு ஏது நிழல்?

அக்காலத்தில் இக்கதையை அபிமெலேக்கின்மேல் வைத்த வசை என்றே யாம் எண்ணியிருந்தோம். இப்போது வாசிக்கையில் ஒலிவத்துக்கும் அத்திக்கும் அதில் ஒரு பங்கு உண்டென்று தோன்றுகிறது. கையில் நல்ல தொழில் உள்ளவனுக்குப் பதவி ஒரு சுமை. தன் தொழிலை விட்டுத்தான் அதைச் சுமக்க வேண்டும். பிறிதொரு தொழிலும் பயனும் இல்லாதவனுக்கோ பதவி ஒன்றே எல்லாம். ஆகலின் அவன் முந்திக்கொண்டு வருவான். நமது தீவுப்பகுதியில் இது புதுமையன்று. ஒரு சங்கத்துக்கோ கோயிற் பரிபாலனத்துக்கோ ஆள் தேடும்போது, கணக்குத் தெரிந்த, கைசுத்தமான பெரியவர், “எனக்கேன் தம்பி இந்த வில்லங்கம்?” என்று சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு எழும்பிவிடுகிறார். அவர் எழும்பிய கதிரை அதிக நேரம் வெறுமையாய் இருப்பதில்லை.

அதனினும் முக்கியமான ஒன்று உண்டு. பதவியின் இயல்பே அதனை நாடி வருவோரைத் தெரிந்தெடுக்கிறது. 1617 இல் நல்லூரில் வெறுமையாய் இருந்த பதவி எது? அரசபதவியன்று. ஒரு பாலகனின் பேரால், அந்நியனின் இசைவோடு, திறை தண்டிக் கொடுத்து மிகுதியைத் தான் ஆளும் பதவி. புகழும் முழுமையாய் இல்லை. பொறுப்பும் முழுமையாய் இல்லை. கருவூலத் திறப்பு மாத்திரம் முழுமையாய் உண்டு. இப்படியான இருக்கையை மானமுள்ளவன் கூசி விலக்குவான். அல்லது அரசகேசரியைப் போலக் கடமைக்காக ஏற்று உயிரிழப்பான். வாளெடுத்து அதைப் பிடிக்க வருபவன் எத்தன்மையன் என்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, ஏறிய பின் அவன் என்னவானான் என்பதைப் பார்ப்போம். பலர் எண்ணுவதுபோலப் பதவி ஒருவனை ஒரே நாளில் அரக்கனாக்குவதில்லை. சங்கிலி குமாரனின் ஆட்சி இரண்டு ஆண்டே. அதைப் படிப்படியாகக் காணலாம். அரசகேசரியைக் கொன்றதனால் அரண்மனையில் அவனுக்கு எதிர்வார்த்தை சொல்லும் வாய் அடைபட்டது. அன்று முதல் அவன் செவியில் விழுந்தவை இச்சகமும் கோளுமே. கொலைப்பழியாற் குடிகள் வெறுத்தனர். குடிகள் வெறுக்கவே, கொழும்பின் அங்கீகாரம் அவனுக்கு இன்றியமையாததாயிற்று. வேண்டினான், அரசன் என்னும் பட்டத்தைப் பறங்கியர் அவனுக்கு ஈற்றுவரை தந்தாரல்லர். 1618 இல் கிறித்தவ முதலிமாரின் தலைமையிற் கலகம் மூண்டது. நல்லூரை ஆண்டவன் தலைநகரைவிட்டு ஓடி நம் ஊர்காவற்றுறையில் ஒளித்திருந்தான். அங்கிருந்து தஞ்சை நாயக்க மன்னன் இரகுநாதனுக்கு ஓலை போக்கினான். வருணகுலத்தான் என்னும் தலைவன் படையோடு வந்து கலகத்தை அடக்கினான்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தன் நாட்டுக் குடிகளை அடக்க அயல்நாட்டுப் படை. அப்படைக்குக் கூலி வேண்டும். கூலிக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வழி குடிகளை மேலும் வருத்துவதே. பறங்கியருக்குக் கட்டவேண்டிய திறையும் நிலுவையாயிற்று. தஞ்சைப் படை வந்ததே கொழும்பாருக்கு ஐயத்தைக் கொடுத்தது. அவன் செய்த ஒவ்வொன்றும் முன்பு செய்ததன் கேட்டை மறைக்கச் செய்தது. ஒவ்வொன்றும் அடுத்ததை வருவித்தது. 1617 இல் அவனுக்கு முன் பல வழிகள் இருந்தன. 1619 இல் ஒரு வழியும் இல்லை. ஆட்சி அவனுக்குச் செய்த மாற்றம் இதுவே என்று யாம் கொள்கிறோம்: நெஞ்சை மாற்றியதோ இல்லையோ, வழிகளை ஒவ்வொன்றாய் அடைத்தது.

1619 இல் தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சா அனுப்பிய பிலிப் தெ ஒலிவேறா, நிலுவைத் திறையைக் கேட்டு, தரைவழியாகப் படையோடு வந்தான். சங்கிலி குமாரன் போர் செய்தான், கோழையாய் அடங்கினானல்லன். தோற்ற பின் கடல்வழியே தப்ப முயன்றபோது பிடிபட்டான். கோவாவுக்குக் கொண்டுபோய் அவனுக்கு மரணதண்டனை விதித்தார்கள். அரசகுடும்பத்திற் பிறர் மதமாற்றப்பட்டுத் துறவு மடங்களிற் சேர்க்கப்பட்டனர். துறவிக்குப் பிள்ளை இல்லை. அரசுரிமை கேட்க ஒருவரும் இலர். ஆரியச் சக்கரவர்த்திகள் வமிசம் அத்தோடு அற்றது.

எம்மைப் பெரிய நீதிமானாக எண்ணிக்கொண்டு இவற்றை எழுதுகிறோமல்லோம். பாடசாலையில் ஒரு தவணை எம்மை வகுப்பு மொனிற்றர் ஆக்கினார்கள். ஆசிரியர் இல்லாத வேளையிற் சத்தம் போடுவோரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது எம் அதிகாரம். முதற் கிழமை எம் ஆருயிர்த் தோழன் பெயரையும் எழுதினோம். இரண்டாங் கிழமை அவன் பெயரை எழுத மறந்தோம். மூன்றாங் கிழமை ஒருவன் எள்ளுருண்டை ஒன்று நீட்டினான். அவன் பெயரும் மறந்து போயிற்று. இதைக் கண்ட வேறொருவன் வாத்தியாரிடம் சொல்லிவிடுவேன் என்றான். அவன் வாய் திறவாதிருந்த நாளிலும் அவன் பெயரைப் பலகையில் முதலாவதாக எழுதினோம். எள்ளுருண்டைக்காகச் செய்ததைவிட அச்சத்துக்காகச் செய்தது பெரிய பாவம் என்பது அன்று விளங்கவில்லை. ஒரு துண்டு வெண்கட்டி எம்மை அவ்வளவு செய்ததென்றால் ஒரு நாட்டின் வாள் என்ன செய்யாது!

இனிச் சிலர் கேட்கலாம்: அந்நியன் சூழ்ச்சியால் வீழ்ந்த நம்மவனையே குறை சொல்வதேன்? அந்நியன் உத்தமனோ? கேள்வி நியாயமானதே. கொடுங்கோலனை நீக்க வந்தேன் என்ற ஒலிவேறா யாழ்ப்பாணத்தை யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. தானே அதன் தலைவனாய் இருந்தான். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். குடிகள் கோயிலை விட்டுவிடும்படி இரந்தார்கள் என்று பறங்கிப் பாதிரியார் குவேறோசே எழுதிவைத்திருக்கிறார். முட்செடியை வெட்டிய கோடரி அத்தோடு நின்றதில்லை.

ஒல்லாந்தர் காலத்தில் இதனினும் வியப்பானது ஒன்று நிகழ்ந்தது. அவர்களின் கொம்பனி தன் உத்தியோகத்தருக்குச் சொற்ப சம்பளம் கொடுத்துத் தனி வியாபாரத்தையும் விலக்கியது. அவ்வளவு சம்பளத்துக்கு ஏழு கடல் தாண்டி வந்தவர்களிற் பலர் சம்பளத்துக்காக வரவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். 1726 இல் இலங்கைக்குத் தேசாதிபதியாய் வந்தவன் பேதுருஸ் வூய்ஸ்ற். இந்த இலங்கையை ஆள ஒரு கண்ணே போதும் என்று மற்றக் கண்ணைக் கட்டிக்கொண்டு கரையிறங்கினான் என்றொரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அவன் மனப்போக்கு அதுவே. எங்கும் சதி, எவரும் எதிரி என்று எண்ணி, ஆட்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து ஒப்புதல் வாங்கி, அவ்வொப்புதலைக்கொண்டே கொல்வித்தான். முறைப்பாடு பெருகவே 1729 இற் பிடிக்கப்பட்டுப் பத்தாவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1732 இல் அவனுடைய சொந்த அரசாலேயே கொல்லப்பட்டான். அவனைப் பிடித்து நீதி செய்ய வந்த வெர்ஸ்லூய்ஸ் என்பவன் கதையோ இன்னும் விசித்திரம். அரிசி விலையை ஏற்றிக் குடிகளைப் பட்டினி போட்டான் என்ற முறைப்பாட்டில் அவனும் 1732 இற் பதவி இழந்தான். ஆகவே இது நம்மவர் குற்றமோ அவர் குற்றமோ அன்று. அதிகாரம் மனிதரைக் கெடுக்கும் போக்குடையது என்று ஆங்கிலேயராகிய அக்ரன் பிரபு 1887 இல் ஒரு பிஷப்புக்குக் கடிதம் எழுதினார். செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் இடையில் வேறொன்றும் வையாமல் அடுத்தே கொடுங்கோன்மையை வைத்தார். இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை என்று அவரும் கண்டிருப்பார் போலும்.

அப்படியாயின் செய்வது என்ன? நம் முன்னோர் இதை எண்ணிப் பாராமல் இருந்தாரல்லர். தொண்டைநாட்டு உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தக்கார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத பாலகன் ஒருவனைக்கொண்டு எடுப்பிக்க வேண்டும். வாரியம் முந்நூற்றறுபது நாளைக்கே. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தோரும் எழுபதைக் கடந்தோரும் கூடாது. முந்திய மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவன் கூடாது. கணக்குக் காட்டாதவன் என்றைக்குமே கூடான். அவன் மட்டுமன்று, அவன் அம்மான், அத்தை வழிச் சுற்றமும் கூடாது என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாய் எடுத்து எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் ஊர் வாழ்க்கையை நன்றாய் அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை! சொந்த மனையும் வரியிறுக்கும் நிலமும் வேதக் கல்வியும் உள்ள அந்தணருக்கே அச்சபை உரியது. பெண்களுக்கும் உழுவோருக்கும் அதில் இடமில்லை. அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை அவர்கள் தெளிவாய்க் கண்டார்கள். பதவியைத் தேடி ஓடுபவனுக்கு ஓட்டத்தின் பயன் கிடைக்காமற் செய்தார்கள். ஒலிவமரமும் ஓராண்டுக்கு வந்து சுமக்கவேண்டிய முறையைச் செய்தார்கள். ஓராண்டென்றால் ஒலிவம் மறுக்காது. முட்செடிக்கும் வேரூன்ற நாட் போதாது.

நல்லூர்ச் சிலையில் சங்கிலி குமாரன் குதிரைமேல் வாளோங்கி வீற்றிருக்கிறான். 2011 இல் அதனைப் புதுக்கினார்கள். அச்சந்தியைக் கடக்கும் போதெல்லாம் யாம் தலை வணங்கியே போகிறோம். நாட்டுக்காக மாண்டவன் என்ற மதிப்பு எமக்கும் உண்டு. ஆனால் அரசகேசரியின் நினைவும் இப்போது அவ்விடத்தில் வருகிறது. அப்பு இருந்திருந்தால் இதற்கு எம்மைக் கடிந்திருப்பார்.

நமது சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில், சென்ற ஆண்டின் கணக்கு முழுவதும் வாசித்து முடிந்த பின்னரே புதிய உத்தியோகத்தர் பெயர்களைக் கேட்கவேண்டும் என்றும், ஒருவர் ஒரே பதவியில் இரண்டாண்டுக்கு மேல் தொடர்ந்து இருத்தலாகாது என்றும் ஒரு பிரேரணை கொண்டுவர எண்ணியிருக்கிறோம். எம் வயதினர் ஆமோதித்தால் பொடியன்களின் துடுக்கு என்பார்கள். ஆகையால் பெரியோருள் ஒருவர் ஆமோதிக்க முன்வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.